சொல்லி அனுப்புகிறோம்

1

மெல்பர்னுக்கு வந்து ஆறாவது வருஷம் முடிகிற வாரத்தில், என்னை ஒரு வகுப்பில் எழுப்பி நிற்கவைத்து, ஒரு மனிதருக்கு 'வேண்டாம்' என்று சொல்லச் சொன்னார்கள். எனக்குச் சொல்ல வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்காக நூலக மாடியில் நடக்கிற ஆங்கில வகுப்பு அது. இலவசம். ஓசி என்றால் பினாயில்கூடக் குடிக்கிற பரம்பரை என்று என் வீட்டுக்காரர் செல்வம் கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். டீச்சர் பெயர் ஹெலன். யார் எவ்வளவு பெரிய தப்பு செய்தாலும் முதலில் 'அருமை' என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் திருத்துவார். அந்த வகுப்பில் அதிகமாக அருமை வாங்கியவள் நான்தான்.

அன்றைய பாடம் 'டர்ன் டவுன்'. ஒரு வினைச்சொல்லோடு ஒரு குட்டிச் சொல்லை ஒட்டவைத்து, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மூன்றாவது அர்த்தத்தை எடுப்பது இவர்களுடைய குடிசைத் தொழில். டர்ன் என்றால் திரும்பு, டவுன் என்றால் கீழே, ஆகவே கீழே திரும்பு என்று நினைத்தீர்களானால் நீங்களும் என் பக்கத்தில் வந்து உட்காரலாம். ஒருவர் தருவதையோ, கேட்பதையோ, கூப்பிடுவதையோ ஏற்காமல் மறுப்பதற்குப் பெயர் டர்ன் டவுன். வேலை கொடுத்தால் மறுக்கலாம். விருந்துக்கு அழைத்தால் மறுக்கலாம். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டாலும் மறுக்கலாம். ரேடியோ சத்தத்தைக் குறைப்பதற்கும் இதே சொல்தானாம், அதை இன்னொரு நாள் பார்ப்போம் என்றார். 'ரிஜெக்ட்' என்பது கதவை முகத்தில் சாத்துவது, 'டர்ன் டவுன்' என்பது வாசல்வரை வந்து வழியனுப்புவது என்று வித்தியாசமும் சொன்னார். இன்னொரு விதியும் உண்டு. 'அவரை' என்று சொல்ல வந்தால் அந்த 'ஹிம்'மை இரண்டு சொல்லுக்கும் நடுவில் உட்காரவைக்க வேண்டும், 'டர்ன் ஹிம் டவுன்'. வெளியே நிற்கவைத்தால் தப்பு. மறுக்கப்படுகிறவனுக்கு நடுவில் நாற்காலி போட்டு மறுக்கிற நாகரிகத்தை நான் இதுவரை கண்டதில்லை.

அப்புறம் பயிற்சி. என் பக்கத்தில் இருந்தவர் டிரான் என்ற வியட்நாம்காரர். அவர் என்னைச் சனிக்கிழமை விருந்துக்கு அழைக்க வேண்டும், நான் அவரை மறுக்க வேண்டும். அவர் எழுந்து நின்று மரியாதையாக அழைத்தார். நான் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அருமை, ஆனால் அது மறுப்பு இல்லை என்றார் ஹெலன். பார்க்கலாம் என்றேன். அதுவும் இல்லையாம். வர முயற்சி செய்கிறேன் என்றேன். இந்நேரம் அவர் உங்களுக்காக மீன் வாங்கக் கடைக்குப் போயிருப்பார் என்றார் ஹெலன். வகுப்பே சிரித்தது. டிரான் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றபோதே தனக்குப் புரிந்துவிட்டது என்று டீச்சரிடம் என் சார்பில் வாதாடினார். அவர் ஊரும் நம்ம ஊர் மாதிரிதான் போலிருக்கிறது.

2

இந்த ஊரில் மறுப்பு நல்ல உடை உடுத்திக்கொண்டு வரும். செல்வம் எண்ணூரில் டீசல் மெக்கானிக்காக இருந்தவர். வந்த புதிதில் தன் சான்றிதழை அங்கீகரிக்கச் சொல்லி ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். கனமான தாளில் பதில் வந்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, தங்கள் அனுபவம் எங்களைக் கவர்ந்தது என்று இரண்டு வரி. அதைப் படித்ததுமே நான் அடுப்பில் பாயசம் ஏற்றிவிட்டேன். மூன்றாவது வரி 'துரதிர்ஷ்டவசமாக' என்று ஆரம்பித்தது. அந்தப் பாயசத்தை நாங்கள் துரதிர்ஷ்டவசமாகச் சாப்பிட்டோம். இப்போது அவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.

பக்கத்து வீட்டு மார்கரெட் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் இறைச்சி சுடுகிறோம், வாருங்கள் என்றாள். எங்களுக்கு அன்றைக்குச் சர்ச்சில் தமிழ்ப் பூசை. வரப் பார்க்கிறோம் என்றேன். ராயபுரத்தில் கைக்குழந்தைக்குக்கூட இதன் அர்த்தம் தெரியும். இந்த அம்மாள் எங்களுக்கும் சேர்த்து நாற்காலி போட்டு, இருட்டும்வரை இறைச்சியைச் சூடாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். மறுநாள் வந்து உடம்பு சரியில்லையா என்று கவலையாக விசாரித்தாள். நன்றாகத்தான் இருக்கிறோம் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. வரமாட்டோம் என்று சொல்லியிருக்கலாமே என்றாள். முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல உனக்கும் எனக்கும் என்ன பகையா என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

என் மகள் ஷெரின் இந்தக் கலையில் கரைகண்டுவிட்டாள். ஐந்து வயதில் வந்தவள், இப்போது பதினொன்று. வஞ்சிரம் வறுத்து வைத்தால் நோ தேங்க்ஸ். எண்ணெய் தேய்த்துவிடட்டுமா என்றால் நோ தேங்க்ஸ். போன கிறிஸ்துமஸுக்கு ராயபுரத்திலிருந்து அவள் தாத்தா போனில் வந்து, கண்ணு, தாத்தா ஒரு பாட்டுப் பாடட்டா என்று ஆசையாகக் கேட்டார். நோ தேங்க்ஸ் தாத்தா என்று சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் காதில் வைத்தேன். புள்ள நல்லா இங்கிலீஷ் பேசுதும்மா என்றார்.

3

அந்தத் தாத்தாதான் என் அப்பா சவரிமுத்து. அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். வாழ்நாளில் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கொடுத்ததும் இல்லை.

விசேஷத்துக்கு டேபிள் ஃபேன் கேட்டு யாராவது வருவார்கள். இத்தப் போய் கேக்கணுமா, உன் ஃபேன் மாதிரி நென்ச்சுக்கோ, சாயங்காலம் வந்து எடுத்துகினு போ என்பார். சாயங்காலம் நைனா வீட்டில் இருக்கமாட்டார். வந்தவர் அம்மாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அவருக்கு இதில் வருத்தமில்லை, அடுத்த வாரம் அவர் வீட்டு ஏணியை நைனா கேட்கும்போது அதுவும் இப்படித்தான் கிடைக்காமல் போகும். நிலக்கரித் தூசு விழுகிற அந்தத் தெருவில் இத்தனை வருஷமாக எல்லோரும் எல்லோரையும் மறுத்துக்கொண்டே, ஒருவரை ஒருவர் மறுக்காமல் சௌக்கியமாக வாழ்ந்து வருகிறார்கள்.

கல்யாணப் பேச்சில் இது இன்னும் மெருகேறும். பையன் வீட்டார் வந்து பெண் கேட்டால், காப்பி கொடுத்து, ஊர்க்கதை பேசி, கிளம்பும்போது 'சொல்லி அனுப்புறோம்' என்பார்கள். சம்மதமென்றால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். போகவில்லையா, கதை முடிந்தது. இந்துக் குடும்பங்களுக்கு ஜாதகம் என்று ஒரு சௌகரியம் உண்டு, பழியைச் செவ்வாய் கிரகத்தின் தலையில் போட்டுவிடலாம். வேதக்காரர்களான எங்களுக்குக் கிரகங்களின் உதவி இல்லாததால் வாயை மூடிக்கொண்டே சமாளிக்கிறோம். இரண்டாவது ஞாயிறு கோயில் வாசலில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே வந்தால், காசிமேட்டில் இன்றைக்கு இறால் என்ன விலை என்று பேசிக்கொள்வார்கள். யாருக்கும் மானம் போகவில்லை. ஏன் என்று கேட்கவும் வழியில்லை, மறுத்திருந்தால்தானே கேட்பதற்கு.

இதைப் பெரிய பண்பாடு என்று நான் ஹெலனிடம் இடைவேளையில் அரைமணி நேரம் விளக்கினேன். அருமை என்றார்.

4

இப்போது அமல்ராஜ் விஷயத்துக்கு வருகிறேன்.

அமல்ராஜ் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்காரன். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்து, எண்ணூர் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் உழைத்து, வளைகுடாவில் சில வருஷம் வெந்து, அங்கிருந்து மெல்பர்ன் வந்து சேர்ந்தவன். ஊரைவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாதம் ஒருமுறை நடக்கிற தமிழ்ப் பூசையில் எங்களுக்குப் பழக்கம். பூசை முடிந்ததும் எல்லோரும் சமோசா இருக்கிற பக்கம் ஓடும்போது, நாற்காலிகளை மடித்து அடுக்குகிற ஆள் அவன் ஒருவன்தான்.

போன வருஷம் அவன் லீவில் ஊருக்குப் போனபோது நைனா வீட்டுக்கு ஒரு பார்சல் கொடுத்தனுப்பினேன். சாக்லேட், தலைவலித் தைலம், ராயபுரத்து வெயிலுக்கு மிகவும் அவசியமான இரண்டு கம்பளிச் சட்டை. பார்சலை வாங்கிக்கொண்டது என் தங்கை ரீட்டா. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மறுநாள் அமல்ராஜ் திரும்பவும் வந்தான், சாக்லேட்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டானாம். அதற்கடுத்த நாள் தைலம் கொண்டுவந்தான். ஒரே பார்சலைத் தவணை முறையில் கொடுத்த முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். ரீட்டாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று லீவு முடிவதற்குள் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

அவனுக்கு அப்பா இல்லை. அவன் அம்மா மட்டும் நல்ல சேலை உடுத்திக்கொண்டு, பஸ் பிடித்து வந்து, நைனாவிடம் பெண் கேட்டார். நைனா காப்பி கொடுத்தார். சொல்லி அனுப்புறோம்மா என்றார். அந்த அம்மா அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர், திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறும்போதே அவருக்கு விளங்கியிருக்கும். ஆனால் மகன் ராத்திரி போனில், இன்னா சொன்னாங்க என்று கேட்டபோது, சொல்லி அனுப்புறாங்களாம்பா என்றார். ஒரு வார்த்தை பொய்யில்லை.

மகன் மெல்பர்ன்காரன் ஆகிவிட்டானே. இங்கே பல் டாக்டர் சொல்லி அனுப்புகிறேன் என்றால், பல்லைப் பிடுங்கச் சொல்லி அனுப்புவார். அமல்ராஜ் காத்திருந்தான். ஒவ்வொரு பூசைக்கும் நாற்காலியை மடித்து வைத்துவிட்டு என்னிடம் வருவான். அக்கா, ஊர்லேர்ந்து எதனா சொல்லி அனுப்ச்சாங்களா என்பான். சொல்லுவாங்க தம்பி என்பேன், நானும் அந்தத் தெருவில் வளர்ந்தவள்தானே. பூவும் வரவில்லை, பழமும் வரவில்லை, கிறிஸ்துமஸ் வந்து போனது, ஈஸ்டர் வந்து போனது. அவன் நண்பர்களோடு இருந்த அறையைக் காலி செய்துவிட்டுத் தனி வீடு பார்த்தான். ஜன்னல் திரைக்கு ரீட்டாவுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டான். எனக்கு உள்ளுக்குள் பேஜாராக இருந்தது.

நான் வகுப்பில் அசடு வழிந்த அதே வாரம் பூசையில் அவனைப் பார்த்தேன். கம்பெனியில் அவனைப் பெர்த் நகரத்துக்கு மேஸ்திரியாக அனுப்பக் கேட்டார்களாம். நல்ல பதவி, திரும்ப வராத வாய்ப்பு.

"டர்ன் டவுன் பண்ணிட்டேங்க்கா," என்றான். "அவங்க இங்க வந்தா நீங்க பக்கத்துல கீறீங்க. அங்க போனா அவங்களுக்கு யாரு கீறாங்க?"

அந்தச் சொல்லை அவ்வளவு திருத்தமாகப் பயன்படுத்தியவனை ஹெலன் பார்த்திருந்தால் மாலையே போட்டிருப்பார். நான் சமோசாவைக் கடிக்காமலே தட்டில் திரும்ப வைத்தேன்.

5

அன்றைக்கே ஃபோன் கார்டு வாங்கி நைனாவைக் கூப்பிட்டேன். காசிமேட்டில் மீன் விற்கிறவர்கள் கையிலெல்லாம் செல்போன் வந்துவிட்டது, நைனா இன்னும் லேண்ட்லைனைத்தான் நம்புவார். அந்தப் பையனுக்கு என்ன பதில் என்று கேட்டேன். எந்தப் பையன் என்றார். சொன்னேன். எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரி எத்தனை தூரம் நிற்கிறது என்று சொன்னார். திரும்பவும் கேட்டேன். நிலக்கரித் தூசில் அம்மாவுக்கு இருமல் என்றார். நான் விடவில்லை.

நான் வேணாம்னு சொன்னனா என்று கேட்டார், கோபமாக. ஒரு வார்த்தை தப்பா பேசி இருப்பனா, அந்தம்மா வந்துச்சு, மரியாதையா காப்பி குடுத்து அனுப்னேன் என்றார். அப்படியானால் சரி என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

"அவங்கப்பா மூலக்கொத்தளத்துல குழி வெட்டினு இருந்தவரு. தெரியுமில்ல?"

தெரியும். அறிமுகமான முதல் நாளே அமல்ராஜ் சொல்லியிருந்தான். என் அப்பா கிரேன் ஓட்டினார் என்று நான் சொன்னேன், என் அப்பா சுடுகாட்டில் குழி வெட்டினார் என்று அவன் சொன்னான், அடுத்துச் சமோசா நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

"நான் அதெல்லாம் பாக்கறவன் இல்லம்மா," என்றார் நைனா. "எனக்கு ஒன்னும் இல்ல. ஊரு பேசும்."

சொல்லி அனுப்புறோம் என்ற சொல் எதற்காக உண்டாக்கப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. வேண்டாம் என்று நைனா சொல்லியிருந்தால், ஏங்க என்று அந்த அம்மா கேட்டிருப்பார். கேட்டிருந்தால், செத்துப்போன உன் புருஷன் செய்த வேலைக்காக என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நைனா நல்ல மனுஷர், அவருக்கு அது வராது. அதனால் காப்பி கொடுத்துவிட்டார். கையில் கறை படவில்லை, ஞாயிற்றுக்கிழமை சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கத் தடையில்லை. இதைத்தான் நான் ஹெலனிடம் பண்பாடு என்று அளந்து கொண்டிருந்திருக்கிறேன்.

நைனா குரலைத் தணித்துக்கொண்டு, நீயே அந்தப் பையன்கிட்ட பக்குவமா சொல்லிடேன், உனக்குத்தான் இப்ப இங்கிலீஷ் நல்லா வருதே என்றார்.

"முடியாது நைனா," என்றேன்.

வகுப்பில் வராதது போனில் வந்துவிட்டது. அப்படி ஒரு சொல்லை அவர் பெற்ற பிள்ளைகள் யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவர் என்னம்மா சொன்ன என்று கேட்டார். முடியாது, ரீட்டாவைக் கூப்பிடுங்கள் என்றேன். ரிசீவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

ரீட்டா வந்தாள். உனக்கு அவனைக் கட்டிக்கொள்ள இஷ்டமா, இல்லையா, ஒன்றைச் சொல் என்றேன். நம் வீட்டில் யாரும் யாரையும் இப்படிக் கேட்டதில்லை என்பதால் அவள் முதலில் திகைத்துப்போனாள்.

"இஷ்டந்தான்க்கா," என்றாள். "நான் நைனாவ ரெண்டு வாட்டி கேட்டுட்டேன். எனக்கே சொல்லி அனுப்புறேன்னுதான் சொல்றாரு. ஒரே வூட்ல இருந்துகினு."

அமல்ராஜிடம் இதைச் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டு அவள் ரிசீவரை வைத்தாள். இத்தனை மாதத்தில் அந்த வீட்டிலிருந்து முதல் தடவையாக ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பினார்கள்.

6

மறுநாள் அமல்ராஜை வீட்டுக்கு வரச்சொன்னேன். ஷெரினை மாடிக்கு அனுப்பிவிட்டு, சாப்பாட்டு மேஜைக்கு எதிரே அவனை உட்காரவைத்து, செல்வத்துக்கு வந்த கடிதத்தில் இருந்த நன்றி, துரதிர்ஷ்டவசமாக எதையும் சேர்க்காமல் சொன்னேன். நைனா உங்களை வேண்டாம் என்றுவிட்டார், உங்கள் அம்மா வந்த அன்றைக்கே. காரணம் உங்கள் அப்பாவின் வேலை. ரீட்டாவுக்குச் சம்மதம்.

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டான்.

"எங்கம்மாவுக்குத் தெரியுமா, அக்கா?"

அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றேன். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வாராவாரம் போன் பண்ணி, இன்னா சொன்னாங்க, இன்னா சொன்னாங்கன்னு அம்மாவாண்ட கேட்டுகினே இருந்தேன். வாராவாரம் அது பதில் சொல்லினு இருந்திச்சு."

என் பக்கத்தில் இருந்த செல்வம் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் அழுதேன், மறைக்கவில்லை. அவனைப் பார்த்தும் அழுதேன், நாங்கள் மரியாதை மரியாதை என்று பொத்திவைத்திருந்ததன் உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தும் அழுதேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மாதம் ஒரு வாரம் லீவு கிடைக்கும், ஊருக்குப் போகிறேன் என்றான். எதற்கு என்று செல்வம் கேட்டார். வேண்டாம் என்பதை நைனா வாயால் நேரில் கேட்க வேண்டும், என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லட்டும் என்றான்.

7

அதற்குப் பிறகு நடந்தது ரீட்டா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பினால், அமல்ராஜ் வாசலில் நின்றிருக்கிறான். நைனா முகத்தில் அவ்வளவு சந்தோஷமாம். வாப்பா வாப்பா என்று உள்ளே அழைத்து, ஃபேனுக்கு நேரே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். போன தடவை அங்கிள் என்று கூப்பிட்டவன், இந்தத் தடவை மாமா என்றானாம். நைனா அதைக் காதில் வாங்காத மாதிரி, ஆஸ்திரேலியாவில் மழையெல்லாம் எப்படி என்று கேட்டார். அவன் மழையைப் பற்றிச் சொல்லிவிட்டு, நீங்கள் என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டான். நைனா கங்காருவைப் பற்றி விசாரித்தார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. வந்தவனைப் பசியோடு அனுப்ப அம்மாவுக்கு வராது. இலை போட்டு, சோறும் கெளுத்தி மீன் குழம்பும் பரிமாறினார். அவன் நன்றாகச் சாப்பிட்டான், மறுசோறும் வாங்கிக்கொண்டான், கை கழுவிவிட்டுத் திரும்பவும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. எங்கப்பா குழி வெட்டினதுதான் காரணம்னா, அத்தயும் சொல்லுங்க. கேட்டுகினு போய்டறேன்."

நைனா வேட்டியைச் சரிசெய்தார். ஃபேனைப் பார்த்தார். சொல்லி அனுப்புறோம்பா என்றார்.

"யாராண்ட சொல்லி அனுப்புவீங்க?" என்றான் அமல்ராஜ். "நான்தான் வந்துட்டனே."

துறைமுகத்தில் கப்பல் கப்பலாகச் சரக்கைத் தூக்கி இறக்கிய மனுஷர், வாயில் இருந்த அந்த ஒரு சொல்லை இறக்கிவைக்க முடியாமல் தவித்தார் என்று ரீட்டா சொன்னாள். அவருக்கு வியர்த்துவிட்டதாம். அமல்ராஜ் அவசரப்படுத்தவில்லை. அம்மா சுவரோரம் நின்றிருந்தார். ரீட்டா சமையற்கட்டிலிருந்து வந்து, நைனா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா என்று கேட்டாள். அவர் தலையைத் தூக்கவில்லை. எனக்குச் சம்மதம் என்று அவள் அமல்ராஜைப் பார்த்துச் சொன்னாள். அப்போதும் நைனா ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம், இரண்டு பேரும் உண்மையாகவே அதற்காகக் காத்து நின்றார்கள். கடைசியில் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மோர் குடிக்கிறியாப்பா என்று கேட்டாராம்.

சம்மதம் என்று அவர் இன்றுவரைக்கும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அம்மா தட்டில் பூவும் பழமும் வைத்து, பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காலடிப்பேட்டைக்குப் பஸ் ஏறினார். யாரும் கூப்பிடாமலே நைனாவும் பின்னால் ஏறி, இவர்களுக்குச் சம்பந்தமில்லாதவர் மாதிரி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அங்கே அமல்ராஜின் அம்மா எல்லோருக்கும் பாய் விரித்தார். நைனாவுக்கு மட்டும் நாற்காலி போட்டார், காப்பியை அவர் கையிலேயே கொடுத்தார், ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நைனா அந்தக் காப்பியைக் குடித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்றாம்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பீடத்திலிருந்து எல்லோர் காதிலும் விழ அறிவிப்பார்கள். ரீட்டாவுக்கும் அமல்ராஜுக்கும் வாசித்தார்கள். அவன் அப்பா பெயரையும் சேர்த்து வாசித்தார்கள். மூன்றாவது ஓலை வாசித்த அன்றைக்கு நைனாவே என்னைப் போனில் கூப்பிட்டார். அவராக வெளிநாட்டுக்கு அழைப்பது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனேன்.

"மூணு வாட்டியும் நல்லா சத்தமா கேட்டாரும்மா சாமியாரு," என்றார். "கோயில் நெறைய ஜனம். ஒருத்தன் வாயத் தொறக்கல."

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"அப்ப ஊரு பேசும், ஊரு பேசும்னு நான்தான் சொல்லினு இருந்துகீறேன், இல்ல?"

அப்படியெல்லாம் இல்லை நைனா என்று சொல்ல வாய் வந்தது. பெற்ற அப்பாவாயிற்றே.

"ஆமாம் நைனா," என்றேன்.